இருபத்திரண்டாவது கையெழுத்து

உட்காருங்கள். பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், என் காலில் இடிக்கிறது. ஜன்னல் ஓரம் கேட்காதீர்கள். நான் இன்னும் அரை மணி நேரத்தில் இறங்கிவிடுவேன்.

பதினொரு மணிக்குள் கம்பெனியில் இருக்க வேண்டும். பதினொன்றுக்கு அங்கே டீ. டீக்கு மட்டும்தான் இருபத்திரண்டு பேரும் ஒரே இடத்தில் நிற்பார்கள். இன்று சனிக்கிழமை, அரை நாள்தான். ஒரு மணிக்கு கேட்டைச் சாத்திவிடுவார்கள். இன்றைக்கு விட்டால் திங்கட்கிழமை. திங்கட்கிழமை போய்ப் பிரயோஜனமில்லை.

ஒரு வரி படிக்க வேண்டும். ஒரே ஒரு வரி. படித்ததும் ஒரு ஆள் இந்த நோட்டில் கையெழுத்துப் போடுவான். வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவேன். பத்து நிமிஷ வேலை.

சிரிக்கிறீர்களா? இல்லையா? சரி. முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கு வளவளவென்று பேசப் பிடிக்காது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பஸ் பாடி கட்டுகிற கம்பெனியில் போர்மேனாக இருந்தேன். கரூரில் அப்படி நிறையக் கம்பெனி இருக்கிறது, எது என்று உங்களுக்கு வேண்டாம். சேசிஸ் வெறும் எலும்புக்கூடாக வரும். டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கூரை இல்லாமல், வெயிலில் ஓட்டிக்கொண்டு வருவான். நாங்கள் சட்டம் வெல்டிங் வைத்து, தகடு அடித்து, கூரை போட்டு, சீட் போட்டு, பெயிண்ட் அடித்து, பஸ் என்று பெயர் சொல்லும்படி அனுப்புவோம். முப்பத்தோரு வருஷம். அதில் பத்தொன்பது வருஷம் போர்மேன். என் கீழே இருபத்திரண்டு பேர். இதோ இந்த பஸ்ஸும் யாரோ கட்டியதுதான். அந்த ரிவெட் வரிசையைப் பாருங்கள், பாம்பு போன மாதிரி. என் ஷெட்டில் இப்படிப் போட்டிருந்தால் அடித்தவனை அங்கேயே நிற்க வைத்து நாலு கேள்வி கேட்டிருப்பேன். அவன் சாயங்காலம் வரைக்கும் வாய் திறக்கமாட்டான். அப்படித்தான் வேலை நடந்தது.

போன வருஷம் ஒரே மாதத்தில் மூன்று வெல்டர் நின்றுவிட்டார்கள். பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். கேட்டில் வாட்ச்மேன் காரணம் கேட்டதற்கு ஒருவன் சொன்னானாம், போர்மேன் ஷெட்டுக்குள் வந்தாலே வயிறு கலங்குகிறது என்று. வயிறு கலங்கினால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வேலையை விட்டுப் போவானேன்?

அந்தப் பேச்சு சின்ன முதலாளி காதுக்குப் போய்விட்டது. பெரிய முதலாளியின் மகன், கோகுல் என்று பெயர். வெளியூரில் படித்துவிட்டு வந்தவர். அவர் சென்னையிலிருந்து ஒரு மேடத்தைக் கூட்டி வந்தார். உமையாள் மேடம். ஆறு சனிக்கிழமை பயிற்சி. உணர்வு நுண்ணறிவு. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், உணர்வு நுண்ணறிவு. வேலை செய்கிற இடத்தில் அது இருந்தால் ஆள் மனசு நன்றாக இருக்குமாம், மனசு நன்றாக இருந்தால் வேலை நன்றாக நடக்குமாம். முப்பத்தோரு வருஷமாக மனசு எப்படி இருக்கிறது என்று யாரையும் கேட்காமல் ஆயிரத்து எண்ணூறு பஸ் அனுப்பினேன். அத்தனையும் ஓடியது.

முதல் சனிக்கிழமை பெயிண்ட் ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலியை வட்டமாகப் போட்டு உட்காரச் சொன்னார். ஆளாளுக்கு இப்போது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். இருபத்திரண்டு பேரும் வரிசையாக "நல்லாருக்கேனுங்க" என்று சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த அம்மாவுக்குத் திருப்தி இல்லை. சுவரில் ஒரு படம் மாட்டினார். முப்பது முகம். கோபம், பயம், வெட்கம், எரிச்சல், ஏக்கம் என்று கீழே எழுதியிருந்தது. உங்கள் மனசில் இருப்பதைத் தொட்டுக் காட்டுங்கள் என்றார். என் முறை வந்தபோது ரொம்ப நேரம் தேடினேன். என் மனசில் இருந்தது 'நேரமாகிறது' என்பது. அது படத்தில் இல்லை. இப்படித்தான் அரைகுறையாகத் தயாரித்துக்கொண்டு வருகிறார்கள்.

ஆனால் பயல்களுக்கு அது பிடித்துவிட்டது. காலையில் வந்ததும் அந்தப் படத்தின் முன்னால் நின்று கேலி பேசுவார்கள். வெல்டர் கிட்டுசாமி 'ஏக்கம்' முகத்தைத் தொட்டால், என்னடா, பெண்டாட்டி ஊருக்குப் போயிட்டாளா என்பார்கள். அப்படியே அவன் கதையைச் சொல்வான். ஆளுக்கு ஆள் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். லீவு குறைந்தது, அது உண்மை. நின்ற மூன்று பேரில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள், அதுவும் உண்மை. அதற்குக் காரணம் பக்கத்துக் கம்பெனியில் ஃபேன் இல்லை. நான் விசாரித்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை எனக்கு என்று ஒரு வேலை கொடுத்தார். மேலே இருக்கிறவர்கள் வாரத்துக்கு ஒரு ஆளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஏதாவது ஒரு விஷயத்துக்கு. மனசிலிருந்து சொன்னால் போதும் என்றார். நான் கையைத் தூக்கினேன். சொன்னதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டேன். எங்கள் கம்பெனியில் ஒரு பெட்டி ரிவெட் வாங்கினால் கையெழுத்து, வெல்டிங் ராடு வாங்கினால் கையெழுத்து. கொடுத்தேன், வாங்கினேன் என்று இரண்டு பக்கமும் கையெழுத்து இருந்தால்தான் அது நடந்தது. இல்லாவிட்டால் நடக்கவில்லை. ஆகையால் மன்னிப்புக்கும் ஒரு நோட்டுப் போட வேண்டும், தேதி எழுத வேண்டும், பெற்றுக்கொண்டவன் கையெழுத்துப் போட வேண்டும் என்றேன்.

மேடம் முகம் ஒரு மாதிரி ஆனது. படத்தில் எந்த முகம் என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் சின்ன முதலாளிக்குப் பிடித்துவிட்டது. நல்ல யோசனை போர்மேன், உங்கள் நோட்டிலேயே ஆரம்பிப்போம் என்றார். அத்தோடு விட்டாரா? எனக்கு அந்த ஜூன் மாதத்தோடு ஐம்பத்தெட்டு வயது முடிந்து ஓய்வு. இரண்டு வருஷம் நீட்டிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தேன். அதையும் இதையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார். இருபத்திரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தால் நீட்டிப்பு, அவர்களுக்கு உங்களோடு வேலை செய்யச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

வாரத்துக்கு ஒரு ஆள் என்றால் இருபத்திரண்டு வாரம். யாருக்குப் பொறுமை? நான் இரண்டே நாளில் இருபத்தொரு பேரை முடித்தேன்.

எப்படி என்று கேளுங்கள். நேராக ஆளிடம் போவேன். மன்னிச்சுக்கப்பா என்பேன். நோட்டை நீட்டுவேன். கிட்டுசாமி பயந்துபோய், "என்னை வேலையை விட்டு நிறுத்தறீங்களாங்க?" என்று கேட்டான். இல்லடா, மன்னிப்பு, போடு என்றேன். எதற்கு என்றான். எதற்கோ, பத்தொன்பது வருஷத்தில் ஏதாவது இருக்கும், நீயே ஒன்றை நினைத்துக்கொள் என்றேன். அவன் கொஞ்ச நேரம் நினைத்தான். கண் கலங்கிவிட்டது. போட்டான். பெயிண்டர் அம்மாசி வேறு மாதிரி. எனக்கு ஏதோ பெரிய வியாதி, டாக்டர் நாள் குறித்துவிட்டார், அதனால்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொள்கிறேன் என்று கிளப்பிவிட்டான். மறுநாள் ஒருவன் ஆரஞ்சு கொண்டுவந்து கொடுத்தான். இன்னொருவன் வீட்டிலிருந்து சத்துமாவு. உடம்பைப் பார்த்துக்குங்க போர்மேன் என்றான். மரியாதை. முப்பத்தோரு வருஷத்தில் சம்பாதித்த மரியாதை, வேறென்ன?

வீட்டில் அந்த நோட்டை செல்லாயி எடுத்துப் பார்த்தாள். என் வீட்டுக்காரி. ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். "எம் பேரு இல்லையே" என்றாள். நீ கம்பெனியில் வேலை செய்யவில்லையே என்றேன். நோட்டை இருந்த இடத்தில் வைத்தாள். எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். பெண்களுக்குச் சட்டதிட்டம் புரியாது.

இருபத்தொரு பேர். பாக்கி ஒரு ஆள். ஒழுகல்.

அவன் நிஜப்பெயர் இன்னாசிமுத்து. யாருக்கும் தெரியாது. ஒழுகல் என்றால்தான் தெரியும். சீட் போல்ட் முடுக்குகிறவன். குள்ளமாக இருப்பான். அதிர்ந்து பேசமாட்டான். அவனிடம் போனேன். ஒழுகல், மன்னிச்சுக்க, கையெழுத்துப் போடு என்றேன். அவன் கையைக் கழிவுத்துணியில் துடைத்தான். ஒவ்வொரு விரலாக. நோட்டை வாங்கினான். முதல் பக்கத்திலிருந்து படித்தான். எனக்கு எரிச்சல். அது என்ன கதைப் புத்தகமா?

"எதுக்குங்க மன்னிப்பு?" என்றான்.

"பொதுவா."

"பொதுவா எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்களே போர்மேன். ஒரே ஒரு வருத்தம்தான். அது பொதுவானதில்லை."

நோட்டை மூடிக் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து போல்ட்டை முடுக்க ஆரம்பித்துவிட்டான்.

திமிர்தானே? நீங்களே சொல்லுங்கள். தலையாட்டுகிறீர்கள். உங்களுக்குப் புரிகிறது.

அவன் மனசில் வைத்திருந்தது எட்டு வருஷத்துக்கு முந்திய கதை. அப்போது அவன் கூரை வேலை. கூரையில் தகடும் தகடும் சேருகிற இடத்தில் பேஸ்ட் பூச வேண்டும், தண்ணீர் இறங்காமல் இருக்க. அது நுணுக்கமான வேலை, எல்லாராலும் முடியாது. அவன் விரலை வைத்து இழுத்தால் அளவு வைத்த மாதிரி இருக்கும். அது அவனுக்குப் பிடித்த வேலை. கூரை மேலே ஏறினால் பாட்டுக்கூடப் பாடுவான், மாதா கோயில் பாட்டு. வேலையில் குறை சொல்லமாட்டேன். எனக்கு ஓரவஞ்சனை கிடையாது.

துறையூர்க்காரர் ஒருவருக்குப் புது வண்டி. ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் எடுக்க வேண்டும் என்று குறித்திருந்தார். அதை விட்டால் ஆடி. ஆடியில் யார் புது வண்டி எடுப்பார்கள்? முந்திய நாள் மத்தியானம்தான் இவன் பேஸ்ட் பூசி முடித்தான். ஒரு முழு நாள் காய வேண்டும், அதற்குப் பிறகு தண்ணீரைப் பீய்ச்சி அடித்துச் சோதனை பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். முகூர்த்தம் காலை ஒன்பதிலிருந்து பத்தரை. ஒழுகல் வந்து சொன்னான். அப்போது அவனுக்கு அந்தப் பெயர் இல்லை. காயலீங்க, சாயங்காலம் வரைக்கும் விடுங்க என்று சொன்னான். இரண்டு தடவை சொன்னான். சரி, மூன்று தடவை. சொன்னால் ஆயிற்றா? எழுதிக் கொடுத்தானா? கையெழுத்து இருக்கிறதா? இல்லை.

நான் வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டேன். ஒன்பதரைக்கு எலுமிச்சம்பழம் நசுக்கி அனுப்பியாயிற்று.

முதல் ஓட்டம் அவர்கள் குலதெய்வம் கோயிலுக்கு. குடும்பத்தோடு ஐம்பது பேர். வழியில் மழை. ஆனி மாதத்தில் மழை பெய்யும் என்று நான் கண்டேனா? ஐம்பது பேரும் புது பஸ்ஸுக்குள் குடை பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்த ஆளின் அம்மா தலையில் கோடு போட்ட மாதிரி ஊற்றியிருக்கிறது. மறுநாள் வண்டியைக் கொண்டுவந்து கேட்டில் குறுக்கே நிறுத்திவிட்டுக் கத்தினார்.

பெரிய முதலாளி என்னைக் கேட்டார். யார் வேலை என்று கேட்டார். யார் வேலை என்றுதான் கேட்டார், யார் எடுக்கச் சொன்னது என்று கேட்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன். கூரை பேஸ்ட் இன்னாசிமுத்து வேலை. அதில் பொய் என்ன இருக்கிறது?

அவனைக் கூரையிலிருந்து இறக்கி சீட்டுக்குப் போட்டார்கள். இனி இவன் கூரை பக்கம் போகக் கூடாது என்று பெரிய முதலாளி உத்தரவு. அன்றைக்கு டீ நேரத்தில் அவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். சூழ்நிலையைக் கொஞ்சம் லேசாக்கலாம் என்று, என்னப்பா ஒழுகல், டீயாவது ஒழுகாமக் குடிப்பியா என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான் என்றுதான் ஞாபகம். பெயர் நின்றுவிட்டது. நான் என்ன திட்டமிட்டா வைத்தேன்?

அந்தப் பெயரால் அவனுக்கு நல்லதும் நடந்திருக்கிறது, அதை அவன் சொல்லமாட்டான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகள் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினான். இன்னாசிமுத்து மகள் என்று போட்டிருந்தது. பாதிப்பேருக்கு யார் என்றே புரியவில்லை. நான்தான் பேனாவை எடுத்து அந்தப் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு 'ஒழுகல்' என்று எழுதினேன். பெரிய எழுத்தில். கம்பெனியே திரண்டு போனது. அவன் சம்பந்தி வீட்டார் முன்னால் பயல்கள் வாய்நிறைய அப்படியே கூப்பிட்டார்களாம். கூட்டம் சேர்ந்ததற்கு ஒரு நன்றி சொல்லவில்லை என்னிடம். நான் எதிர்பார்க்கவும் இல்லை.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாவது தடவை டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். போண்டாவைச் சாப்பிட்டான். போடவில்லை. அப்புறம் மேடம் காதுக்குப் போய், கடைசிச் சனிக்கிழமை இரண்டு பேரையும் எதிர் எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அவர் நடுவில். இன்னாசிமுத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.

அவன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் சொன்னான்.

"ஒரு வரி எழுதச் சொல்லுங்க மேடம். பேஸ்ட் காயலைன்னு நான் சொன்னேன், வண்டிய எடுத்தது அவருன்னு. எழுதி அவரு கையெழுத்துப் போட்டா, நானும் போடறேன். கொடுத்தேன், வாங்கினேன். அவரு வழக்கப்படியே."

மேடத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருஷப் பயிற்சியில் இவ்வளவு தெளிவாக ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை என்றார். என் பக்கம் திரும்பி, இதைக் கேட்கும்போது உங்களுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டார். ஒரு மணி அடித்துவிட்டது, கேட்டைச் சாத்துவார்கள் என்றேன். எழுந்து வந்துவிட்டேன்.

மன்னிப்புக் கேட்க நான் தயார். நான் எப்போதாவது மறுத்தேனா? இருபத்தொரு பேரிடம் கேட்டேன். அவனிடமே ஏழு தடவை. காரணத்தோடு கேள் என்றால் அது மன்னிப்பு இல்லை, விசாரணை. ஒரு போர்மேன் எழுத்தில் கொடுத்தால் அப்புறம் ஷெட்டில் என்ன மரியாதை இருக்கும்?

யோசித்துப் பார்த்ததில் சுலபமான வழி ஒன்று தெரிந்தது. நாமக்கல்லில் கம்பெனிக்கு ஒரு சின்ன சீட் யூனிட் இருக்கிறது. இவனை அங்கே மாற்றிவிட்டால் என் கீழே இருபத்தொரு பேர். நோட்டில் இருபத்தொரு கையெழுத்து. கணக்கு நேர். சின்ன முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவனுக்கும் மன அமைதி கிடைக்கும் என்று, மேடம் பாஷையிலேயே சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "வேண்டாம் போர்மேன். நீங்க முப்பதாம் தேதி ஓய்வு எடுத்துக்குங்க" என்றார்.

அவ்வளவுதான். சால்வை போட்டார்கள், சுவர்க்கடிகாரம் ஒன்று கொடுத்தார்கள். எல்லாரும் பேசினார்கள். அம்மாசி என் உடல்நிலைக்காகப் பிரார்த்தனை செய்வதாகச் சொன்னான். ஒழுகல் கடைசி வரிசையில் நின்றான். கை தட்டினான். நான் கவனித்தேன்.

வீட்டில் இருப்பது கஷ்டமில்லை. காலையில் எழுந்தால் சாயங்காலம் வந்துவிடுகிறது. செல்லாயிக்கு என்னோடு பேசிப் பழக்கமில்லை, நானும் தொந்தரவு செய்வதில்லை. அந்த நோட்டு மேஜை மேல் கிடந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் காலி. ஒரு பக்கம் முடியாமல் கிடந்தால் எனக்குப் பிடிக்காது, சுபாவம். வேறு ஒன்றுமில்லை. நீட்டிப்பு போயாயிற்று, இனி அந்தக் கையெழுத்தால் எனக்கு நயா பைசாவுக்குப் புண்ணியமில்லை. அது எனக்குத் தெரியாதா? இருந்தாலும் போன மாதம் ஒருநாள் உட்கார்ந்து அந்த வரியை எழுதினேன். ஒரே தடவையில் வரவில்லை. பேனா சரியில்லை. பதினோரு தாள் வீணானது.

போன ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். மாதா கோயிலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். வெள்ளைச் சட்டை. வாங்க போர்மேன் என்றான். அவன் பெண்டாட்டி காபி கொடுத்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. நோட்டை நீட்டினேன். படித்தான். இந்தத் தடவை சீக்கிரம் படித்துவிட்டான், ஒரு வரிதானே. திரும்பவும் படித்தான். கையெழுத்து நல்லா இருக்குங்க என்றான். பேனாவைக் கொடுத்தேன். வாங்கவில்லை.

"இதை நான் படிச்சு என்னங்க ஆகப்போகுது? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்க இருபத்தொரு பேரு இருக்காங்க."

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னான். கூரை வேலை செய்கிறவன் இந்தச் சனிக்கிழமையோடு நிற்கிறானாம். ஓசூரிலிருந்து ஒரு ஆளைப் பேசி வைத்திருக்கிறார்கள், திங்கட்கிழமை வருகிறான். அதாவது நாளை மறுநாள். இவனுக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. சின்ன முதலாளியிடம் கேட்டுப் பார்த்திருக்கிறான். அவருக்கு மனசு இருக்கிறது, ஆனால் அப்பா போட்ட உத்தரவு, அதை மாற்ற ஒரு காரணம் வேண்டும் என்றாராம். "டீ நேரத்துல வந்து எல்லாரும் கேக்கறாப்புல இதைப் படிச்சுட்டுப் போங்க போர்மேன். சனிக்கிழமைக்குள்ள. நான் மறுபடி மேல ஏறிடுவேன். அங்கேயே வெச்சுக் கையெழுத்துப் போடறேன்" என்றான். கெஞ்சவில்லை. அதட்டவும் இல்லை. போல்ட்டைக் கேட்கிற மாதிரி கேட்டான்.

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்னால் செய்கிறவன் நான்.

இந்த வாரம் முழுக்க வேறு வேலை. திங்கட்கிழமை கேஸ் சிலிண்டர் வந்தது, ஆள் இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை தொண்டை கட்டிக்கொண்டது. புதன் மழை. வியாழன், ஏதோ ஒன்று. நேற்று வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமையில் யாராவது இதையெல்லாம் படிப்பார்களா? இன்றைக்கு விடக் கூடாது என்று கிளம்பிவிட்டேன். தொண்டைகூட நன்றாக இருக்கிறது.

நோட்டு எதற்கு, மனப்பாடமாகிவிட்டது. சொல்கிறேன் பாருங்கள். 'பேஸ்ட் காயவில்லை என்று இன்னாசிமுத்து சொன்னான், கேட்காமல் வண்டியை எடுத்தது நான், கூரை ஒழுகியது என் தவறு.' அவ்வளவுதான். மூன்று விநாடி. உங்களிடம் சொல்ல எவ்வளவு சுலபமாக வருகிறது, பார்த்தீர்களா? இருபத்திரண்டு பேர் என்ன, உங்களைப் போல இருபத்திரண்டு பேர். டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். கிட்டுசாமி வாயைப் பிளப்பான். அம்மாசி வியாதி முற்றிவிட்டது என்பான். நான் பத்தொன்பது வருஷம் அந்த இடத்தில் நின்று பேசியிருக்கிறேன், ஒருவன் கண்ணும் என்னை நேராகப் பார்த்ததில்லை. இன்றைக்கு எல்லாரும் பார்ப்பார்கள். பார்க்கட்டும். எனக்கென்ன?

வண்டி ஏன் நிற்கிறது? ஏதோ ஸ்டாப். அந்த அம்மா கூடையோடு இறங்குகிறது, பாவம், கையைக் கொடுங்களேன் யாராவது. இறங்கட்டும். இறங்கியாயிற்று. இன்னும் எதற்கு நிறுத்தி வைத்திருக்கிறான்? கண்டக்டர் எதற்கு என்னையே பார்க்கிறான்? போகச் சொல்லுங்கள். டிரைவருக்குத் தூக்கமா? விசில் அடிக்கச் சொல்லுங்கள்.

போகட்டும். கிளம்பிவிட்டான்.

என்னப்பா? என்ன கேட்கிறான் இவன்? 'பெரியவரே, இன்னைக்கும் இறங்கலையா' என்கிறான். இன்னைக்கும் என்றால்? அது என்ன 'இன்னைக்கும்'? ஆளை மாற்றிப் பேசுகிறான். ஒரு ஊரில் ஒரே மாதிரி முகமாக ஏழு பேர் இருக்கக் கூடாதா? கேட்காமலே அடுத்த ஸ்டாப் பைபாஸுக்கு டிக்கெட்டைக் கிழித்து நீட்டுகிறான், பார்த்தீர்களா, 'வழக்கம்போல' என்று. கொடு, கொடு. வைத்துக்கொள்கிறேன்.

மணி என்ன? பதினொன்று அடித்து ஐந்து நிமிஷமா?

போயிற்று. அங்கே இப்போது அவன் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டையே பார்த்துக்கொண்டு நிற்பான். டீ ஆறிப்போயிருக்கும். பைபாஸில் இறங்கி எதிர்ப்பக்கம் பஸ் பிடித்து வருவதற்குள் எல்லாரும் அவரவர் வேலைக்குப் போயிருப்பார்கள். திங்கட்கிழமை ஓசூர்க்காரன் கூரையில் ஏறிவிடுவான். ஆறு வருஷம். யாரால்?

நான் சொல்ல வேண்டாம் என்று பார்த்தேன். உங்களால்தான். ஏறினதிலிருந்து என்னை ஏதோ ஒன்றைச் சொல்ல வைத்து, தலையாட்டித் தலையாட்டி மேலே பேச வைத்து, ஸ்டாப் வந்ததைக் கவனிக்கவிடாமல் பண்ணிவிட்டீர்கள். ஒரு வார்த்தை, 'பெரியவரே, உங்கள் இடம் வந்துவிட்டது' என்று சொல்லியிருக்கலாம் இல்லையா? படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள். ஒரு மனுஷனுடைய பிழைப்பு இதில் இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றவில்லையா?

முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தவறு எல்லாருக்கும் வருவதுதான்.

மன்னித்துவிட்டேன். தள்ளுங்கள், நான் இறங்க வேண்டும்.